அதக்கிய வெற்றிலையும் கிழித்த பொட்டலமும்

1993–94-இல் மலேசியா முழுவதும் 25 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 11,700 பேரின் வாயைப் பரிசோதித்து ஒரு தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. ரோஸ்னா ஸைனும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று கருதத்தக்க மாற்றங்கள் இந்தியரிடம் 4.0 விழுக்காடு, சீனரிடம் 0.5 விழுக்காடு. இந்தியத் தொழிலாளர் வெற்றிலை மென்ற தோட்டப்புறத்தை அறிந்த எவருக்கும் இது வியப்பளிக்காது. வியப்பு அட்டவணைக்குள் இருக்கிறது. பார்த்த மொத்தப் பேரில் லூகோபிளாக்கியா எனப்படும் வெண்படலம் 0.96 விழுக்காட்டினரிடம் இருந்தது. சப்மியூகஸ் ஃபைப்ரோஸிஸ் எனப்படும் வாய் இறுக்க நோயோ 0.06 விழுக்காடுதான். நூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு வெண்படலம். இறுக்கம் கண்டவர்கள் ஏழெட்டுப் பேருக்கு மேல் இல்லை.

புகைபிடிப்பவர்களுக்கும் வெண்படலம் வரும் என்பதால் அந்த எண்ணிக்கை முழுவதையும் வெற்றிலையின் தலையில் கட்ட முடியாது. அதைக் கழித்துப் பார்த்தாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. இறுக்க நோய்க்கு முதற்காரணம் பாக்கு. தோட்டத்துத் தாம்பூலத்தில் பாக்கு இல்லாமல் இல்லை. இந்தியாவில் குட்கா, பான் மசாலா பொட்டலங்களை மெல்லும் இளைஞர்களிடம் இறுக்க நோய் ஓர் அலையாகப் பெருகியது. தலைமுறை தலைமுறையாகப் பாக்கு மென்ற தோட்டத்து மக்களிடம் அது ஏன் அத்தனை அரிதாயிருந்தது? தாம்பூலம், பொட்டலம் என்ற இரு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாய்ப்புற்று உருவாவதில் கொலாஜன் என்ற புரதம் எப்போது, எப்படி நுழைகிறது என்பது தெளிவாகிறது. யாரை எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே புலப்படுகிறது.

இரண்டு பழக்கங்கள்

கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை என வடசிலாங்கூர் முழுதும் ரப்பரும் செம்பனையும் தமிழர் கையால் வளர்ந்தவை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917-இல் ஹென்றி ஃபொக்கோனியே தென்னமரம் தோட்டத்தில் போட்டதுதான். இருள் பிரியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, பால்மரக் காட்டுக்குள் நுழைந்து, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டிய பெண்களுக்குப் பசியையும் தூக்கத்தையும் தள்ளிப்போடும் துணையாக இருந்தது இடுப்புச் சுருக்குப்பை. கொழுந்து வெற்றிலையைச் சேலையில் துடைத்து, காம்பும் நரம்பும் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, வெட்டுப்பாக்கை வைத்து மடித்து மெல்வார்கள். சாறு ஊறியதும் ஒரு கிள்ளுப் புகையிலையை உருட்டிக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அதக்கிக்கொள்வார்கள். பல் போன பாட்டிகள் சிறு உரலில் இடித்துப் போட்டுக்கொள்வார்கள். அந்த உருண்டை ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கிடக்கும். பல ஆண்டுகள் கழித்துப் புண் தோன்றுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

குட்கா இதற்கு நேர் எதிர். உலர்ந்த பாக்குத் துண்டு, காசுக்கட்டி, சுண்ணாம்பு, புகையிலைத் தூள், வாசனைப் பொருள் எல்லாம் கலந்து சிறு பொட்டலமாக வருகிறது. புகையிலை சேராதது பான் மசாலா. பல்லால் முனையைக் கிழித்து அப்படியே வாயில் கொட்டிக்கொள்ளலாம். மடிக்கும் வேலை இல்லை, வெற்றிலையும் இல்லை. பேருந்திலும் பள்ளிக்கூட வாசலிலும் பணிமனையிலும் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாடு இதை 2001-இல் தடை செய்தது. அந்தத் தடை 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக மறுபடி தடை வந்தது.

மூலப்பொருள் ஏறக்குறைய ஒன்றாயிருந்தாலும் அளவும் வேகமும் வேறு. பொட்டலத்தில் உலர் எடையில் பாக்கே மிகுதி. தாம்பூலத்தில் வெற்றிலையின் ஈரமும் நாரும் சேர்ந்து பாக்கின் பங்கைக் குறைக்கின்றன. வெற்றிலையிலுள்ள ஹைட்ராக்ஸிகாவிகால், யூஜினால் போன்ற பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் இயல்புள்ளவை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. தாம்பூலம் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருளில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985-இலேயே புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலைப்பாக்கையும் வெறும் பாக்கையும் 2004-இல் வெளிவந்த அறிக்கையில் அதே முதல் வகையில் சேர்த்தது. இரண்டு பழக்கமும் புற்றுக்கு இட்டுச்செல்பவைதான். போகும் பாதை வேறு.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

நம் உடலின் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், தசைநாண், எலும்பு, ஈறு என்று உறுப்புகளைத் தாங்கி நிற்கும் சட்டகம் அது. அதன் வடிவத்தைக் கண்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மூன்று புரத இழைகள் சேர்ந்து முப்புரியாக நிற்கின்றன என்று 1954-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆய்வுக்கு வேண்டிய, கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் அண்டையில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. கொலாஜன் ஆய்வுக்குத் தோல் நிலையம் உதவியது தற்செயல் அல்ல. தோல் என்பதே கொலாஜன்தான். ஆவாரம் பட்டையின் துவர்ப்பில் ஊறிய தோல் அழுகாமல் காலணியாக நிலைப்பதற்குக் காரணம், பட்டையிலுள்ள டானின் கொலாஜனை நொதிகள் கரைக்க முடியாதபடி இறுக்கிவிடுவதே.

வாய்க்குள் இரண்டு வகைக் கொலாஜன் நம் பேச்சுக்கு முக்கியம். மேல்தோலுக்கும் அடித்திசுவுக்கும் நடுவே மெல்லிய விரிப்பாக நிற்பது நான்காம் வகை. அடித்தளப் படலம் என்று அழைக்கப்படும் அந்த எல்லையைத் தாண்டாதவரை எந்த மாற்றமும் புற்றாகாது. எல்லைக்குக் கீழே, ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் நூற்றுப்போடும் தடித்த கயிறுகள் முதலாம் வகை. கன்னம் விரிவதும் சுருங்குவதும் இந்தக் கயிறுகளின் அளவையும் நெகிழ்ச்சியையும் பொறுத்தவை.

பொட்டலத்தின் வழி: கொலாஜன் முந்துகிறது

இறுக்க நோயை நவீன மருத்துவத்தில் முதலில் பதிவு செய்தவர் ஷ்வார்ட்ஸ். 1952-இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் அவர் இதைக் கண்டார். கடல்தாண்டிப் போன இந்தியர் உடலில்தான் இந்நோய்க்கு முதல் ஏடு எழுதப்பட்டது. மறு ஆண்டே பம்பாயில் ஜோஷி எழுதினார்.

நோய் உருவாகும் விதத்தை அடுத்த அரை நூற்றாண்டில் ஆய்வாளர்கள் படிப்படியாகப் பிரித்துக்காட்டினர். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டிக் கொலாஜனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. சுண்ணாம்பு பட்டதும் அரிகோலினிலிருந்து உருவாகும் அரிகெய்டினும் அதே வேலையைச் செய்கிறது. அழற்சியின்போது பெருகும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம், கட்டுவதை முடுக்கி இடிப்பதைத் தடுக்கிறது. பாக்கில் தாமிரம் மிகுதி. கொலாஜன் இழைகளைக் குறுக்கே கோத்துப் பூட்டும் லைசில் ஆக்சிடேஸ் நொதிக்கு வேண்டியதும் தாமிரமே. கடைசியில் பாக்கின் துவர்ப்பு, அதாவது டானின், ஏற்கெனவே கட்டிய கொலாஜனை எந்த நொதியும் கரைக்காதபடி செய்துவிடுகிறது. தோல் பதனிடும் தொட்டியில் ஆவாரம் பட்டை செய்யும் வேலையை உயிருள்ள கன்னத்தில் பாக்கு செய்கிறது.

விளைவு, கன்னத்தின் உட்புறம் பட்டையாக வெளுத்துக் கெட்டிப்படுகிறது. முதல் அறிகுறி எரிச்சல். ரசம்கூட நாக்கில் பட முடியாது. பிறகு வாய் திறப்பது குறைகிறது. மூன்று விரலைச் செங்குத்தாக வைக்க இடம் கொடுத்த வாயில் இரண்டு விரல், ஒன்றரை விரல் என்று வழி சுருங்குகிறது. ஹைதராபாத்தில் நடந்து 1996-இல் வெளியான ஓர் ஒப்பீட்டின்படி, பான் மசாலா மென்றவர்களுக்குச் சராசரியாக மூன்று ஆண்டுக்குள் இறுக்கம் வந்தது. வெற்றிலையோடு மென்றவர்களுக்கு எட்டு, ஒன்பது ஆண்டு ஆயிற்று. நம் முதல் கேள்விக்கான விடையில் பாதி இங்கேயே இருக்கிறது.

கெட்டியான கொலாஜன் இரத்த நாளங்களை நெரிக்கிறது. மேல்தோலுக்கு ஆக்சிஜன் குறைகிறது, அது மெலிகிறது. மெலிந்த தோலின் வழியே பாக்கின் நஞ்சு இன்னும் எளிதாக இறங்குகிறது. எர்ணாகுளம் பகுதியில் 66 நோயாளிகளைப் பதினேழு ஆண்டு தொடர்ந்து கவனித்து 1985-இல் வெளியிட்ட ஆய்வில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்று வந்திருந்தது.

இந்த நோயைப் பற்றி மலேசிய மண்ணிலிருந்தும் ஒரு மாற்றுக் குரல் வந்தது. இரும்புச்சத்துக் குறைவால் ஏற்கெனவே நலிந்த வாய்த்தோலில்தான் பாக்கும் மிளகாயும் இப்படிக் கேடு விளைவிக்கின்றன என்ற கருதுகோளை கே. இராமநாதன் 1981-இல் மலேசிய மருத்துவ இதழில் முன்வைத்தார். பாக்கே முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. ஆனால் இரத்தசோகை பரவலாயிருந்த தோட்டப்புறப் பெண்களைக் கண்முன் வைத்துப் பார்த்தால், அவர் ஏன் அப்படி எண்ணினார் என்பது எளிதில் விளங்கும்.

தாம்பூலத்தின் வழி: கொலாஜன் பின்னால் வருகிறது

அதக்கிய புகையிலையின் கேடு முதலில் மேல்தோலிலேயே தொடங்குகிறது. புகையிலையின் நைட்ரோசமைன்கள் செல்லின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. எரிச்சலைத் தாங்கத் தோல் தடித்து வெளுக்கிறது. அதுவே வெண்படலம். சில இடங்களில் சிவந்தும் காணும். சிவப்புத் திட்டு வெள்ளையைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

இந்தக் கட்டத்தில் அடியிலுள்ள கொலாஜனில் பெரிய மாற்றம் தெரியாது. வாய் வழக்கம்போல் திறக்கும், சோறு இறங்கும், காரம் பிடிக்கும். வலி கிடையாது. புற்றாக மாறத் தொடங்கிய செல்கள் எம்எம்பி-2, எம்எம்பி-9 என்ற நொதிகளைக் கொண்டு நான்காம் வகைக் கொலாஜனை அரித்து எல்லையைத் தாண்டும்போதுதான் கொலாஜன் இந்தக் கதைக்குள் நுழைகிறது. தாண்டிய பிறகு புற்றுச் செல்கள் அங்குள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தம் வேலைக்குத் திருப்பி, தம்மைச் சுற்றி முதலாம் வகைக் கொலாஜனைக் கட்ட வைக்கின்றன. முன் வழியில் கெட்டிப்பட்ட நிலம் முதலில் உருவாகிப் பிறகு புற்று முளைக்கிறது. பின் வழியில் புற்று முளைத்துத் தனக்கான நிலத்தைத் தானே கெட்டிப்படுத்திக்கொள்கிறது.

சேரும் இடம், பிரியும் இடம்

இரண்டு வழியும் சேர்வது அடித்தளப் படலம் உடையும் இடத்தில். 1999-இல் லண்டன் ஆய்வாளர்கள் லைசில் ஆக்சிடேஸ் நொதியை இறுக்க நோயின் திசுவில் மட்டுமல்ல, வாய்ப்புற்றைச் சுற்றிய திசுவிலும் மிகுதியாகக் கண்டனர். கட்டும் நொதி இரண்டிலும் ஒன்றே. பிக்ரோசிரியஸ் ரெட் சாயமேற்றிய துண்டை முனைவாக்க ஒளியில் வைத்தால், தடித்து நெருங்கிய கொலாஜன் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மின்னும். வாய்ப்புற்று முரடாக மாற மாற, நார்கள் மெலிந்து தளர்ந்து பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும். புற்று பழைய சட்டகத்தை உடைக்கும் வேலையையும் புதியதைக் கட்டும் வேலையையும் ஒருசேரச் செய்கிறது என்பதற்கு இந்த நிறமாற்றம் ஒரு சான்று.

பிரியும் இடங்கள் மூன்று. முதலாவது, மீட்சி. பழக்கத்தை விட்டால் வெண்படலம் சுருங்கவோ மறையவோ கூடும். கேரளத்தில் நடந்த நீண்டகால அறிவுரை முயற்சியில், புகையிலையை விட்டவர்களிடமும் குறைத்தவர்களிடமும் புதிய வெண்படலங்கள் குறைந்தன. இறுக்க நோயில் பழக்கத்தை விட்டால் கேடு மேலும் ஏறாமல் தடுக்கலாம். ஆனால் பூட்டிப் பதமான கொலாஜன் தானாகக் கரையாது. ஊசியும் பயிற்சியும் அறுவையும் வாயைச் சற்றுத் திறக்க உதவும், அவ்வளவே.

இரண்டாவது, புற்று வந்த பின் அதன் போக்கு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், இறுக்க நோயோடு வந்த வாய்ப்புற்றில் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவல் குறைவு. கெட்டிப்பட்ட கொலாஜன் நிணநீர் வழிகளை அடைத்துவிடுவது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். புற்றுக்குப் பாத்தி கட்டிய கொலாஜனே அது ஓடுவதற்கு வேலியும் போடுகிறது. கொலாஜனை வெறும் வில்லனாக எழுதிவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இதை நம்பி யாரும் ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். வாயே திறக்காதவருக்கு அறுவையும் கதிர்வீச்சும் பல் பராமரிப்பும் எவ்வளவு கடினம் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது வேறுபாடு எச்சரிக்கை. இதுவே மூன்றிலும் பெரியது. பொட்டலம் மெல்பவனுக்கு உடலே மணி அடிக்கிறது. குழம்பு எரிகிறது, வாய் திறக்கவில்லை, விசிலடிக்க முடியவில்லை. வெற்றிலை அதக்கிய பாட்டிக்கு எந்த மணியும் அடிப்பதில்லை. அவருடைய வெண்படலம் வலிக்காது, கண்ணாடியில் தெரியாத கன்னத்து மூலையில் கிடக்கும், வெற்றிலைக் கறைக்குள் மறையும். அவர் தானாக மருத்துவரைத் தேடிப் போகும் நாளில் பெரும்பாலும் புண் எல்லை தாண்டியிருக்கும்.

தோட்டத்தில் இதன் பொருள்

உடம்புக்கு ஏதாவது என்றால் வாருங்கள் என்று காத்திருக்கும் மருத்துவம் தாம்பூல வழிக்குப் பயன்படாது. ஆள் தேடிப் போய் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். இது கூடுமா என்ற கேள்விக்குத் திருவனந்தபுரம் விடை சொல்லியது. 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதைத் தாண்டியவர்களின் வாயைக் கண்ணால் பரிசோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்தது என்று 2005-இல் முடிவு வந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் பயன் தெரியவில்லை. ஆக, பரிசோதனை தேவைப்படுவோர் யார் என்பதும் தெளிவு.

மலேசியச் சுகாதார அமைச்சின் வாய்ப்புற்று முன்னறிதல் திட்டம் தோட்டங்களைக் குறிவைத்தது சரியான முடிவு. ஆனால் இலக்கு இடம்பெயர்ந்துவிட்டது. வடசிலாங்கூரின் பல தோட்டங்கள் விற்கப்பட்டு, லய வீடுகள் இடிபட்டு, குடும்பங்கள் ரவாங், கோலசிலாங்கூர், சுங்கை பூலோ பக்கங்களின் அடுக்குமாடிகளுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் போய்விட்டன. சுருக்குப்பையும் கூடவே போனது. 1993–94 கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு 2011-இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வு, பெண்களே இப்பழக்கத்தை அதிகம் தொடங்குவதையும் புகையிலை சேர்க்காதவர்களே எளிதில் விடுவதையும் காட்டியது. புகையிலை அதக்கிய பெண்ணுக்கு வெறும் அறிவுரை போதாது என்பது இதன் சாரம். மாரியம்மன் திருவிழா, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டம், அடுக்குமாடி மண்டபம் என அவர்கள் கூடுமிடத்துக்கு விளக்கும் வாய்க்கண்ணாடியும் போக வேண்டும்.

தோட்டத்தில் மிச்சமிருக்கும் வேலையை இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் செய்கிறார்கள். வங்கதேசம், நேபாளம், இந்தியா என்று பாக்கும் பொட்டலமும் வேரூன்றிய நாடுகளிலிருந்து வருபவர்கள் அவர்களில் உண்டு, பலரும் இளைஞர்கள். அவர்களுக்கு விளக்கோடு அளவுகோலும் வேண்டும். மேல்வரிசை, கீழ்வரிசை முன்பற்களுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று வேலைக்குச் சேரும்போதும் ஆண்டுதோறும் அளந்து எழுதிவைப்பது அரை நிமிட வேலை. 35-க்குக் கீழே போனால் உற்றுப் பார்க்க வேண்டும். காரம் எரிகிறதா என்று கேட்பதற்குச் செலவே இல்லை.

ஒரே பரிசோதனைத் தாளை இரு கூட்டத்துக்கும் நீட்டினால் இரண்டிலும் தவறும். வாய் நன்றாகத் திறக்கிறது என்று பாட்டியை அனுப்பிவிடுவோம். திட்டு எதுவும் இல்லை என்று இளைஞனை அனுப்பிவிடுவோம். ஒருவர் உடலில் கொலாஜன் புற்றுக்கு முன்பே வந்துவிடுகிறது, மற்றவர் உடலில் புற்றுக்குப் பிறகே வருகிறது. அந்த முன்பின் வரிசையைத் தெரிந்து பார்ப்பவரே இருவரையும் நேரத்தில் பிடிப்பார்.